சித்திரத்துக்குள் நுழையச் சொன்ன ஆசிரியர்

கையைப் பழக்கலாம், கண்ணைப் பழக்கலாம், ஆனால் மனோபாவனையை யாராலும் பழக்க முடியாது, அது பிறவியிலேயே வாய்க்கவேண்டிய வரம் என்னும் அபிப்பிராயம் கலைப் பயிற்சியோடு சம்பந்தப்பட்டவர்களிடையே நெடுங்காலமாக வேரூன்றிக் கிடக்கிறது. கேட்பதற்கு அது கற்பனைக்குச் செய்யும் மரியாதையாகத் தோன்றினாலும், ஆசிரியன் தன் தலையாய கடமையிலிருந்து நழுவிக்கொள்வதற்கு அதைவிட வசதியான வாதம் வேறு கிடையாது என்றே நான் கருதுகிறேன். பென்சில் பிடிக்கவும், ஒளியும் நிழலும் விழும் முறையை அறியவும், எலும்பும் தசையும் அமைந்த விதத்தைப் பார்த்து வரையவும் சொல்லிக்கொடுத்துவிட்டு, இனி உனக்குள் ஏதாவது இருந்தால் நீயே பிழைத்துக்கொள் என்று மாணவனை வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிடுகிற கலாசாலைகள் எல்லாத் தேசங்களிலும் உண்டு. அந்த வாதம் பிழை என்பதை நிரூபிக்கத் தர்க்க சாஸ்திரத்தைத் துணைக்கு அழைக்கவேண்டியதில்லை. நூறு வருஷங்களுக்கும் முன்பு அமெரிக்காவில் வாழ்ந்து, தேவதைக் கதைகளுக்கும் வீர சரித்திரங்களுக்கும் கடற்கொள்ளைக்காரர்களின் கதைகளுக்கும் படம் எழுதியவரும், தம் வாழ்நாளின் கடைசிப் பதினாறு பதினேழு வருஷங்களில் பெரும்பகுதியை இளைஞர்களுக்குக் கற்பனையையே பாடமாகச் சொல்லிக்கொடுப்பதில் செலவிட்டவருமான ஹவர்ட் பைலின் சரித்திரத்தை எடுத்துச் சொன்னாலே போதுமானது.

பைல் 1853-ஆம் வருஷம் மார்ச் மாதம் டெலவேர் ராஜ்யத்திலுள்ள வில்மிங்டன் நகரில், குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தார். ஆடம்பரத்தை விலக்கி, எளிய உடையும் எளிய பேச்சும் மௌனப் பிரார்த்தனையுமாக வாழ்ந்த அந்தச் சமூகத்தில், ராஜகுமாரர்களும் அரக்கர்களும் பேசும் மிருகங்களும் நிறைந்த உலகத்தைச் சிருஷ்டிக்கப்போகிற ஒரு சித்திரக்காரர் தோன்றியது ஆச்சரியந்தான் என்றாலும், அவருடைய தாயாரை அறிந்தால் அந்த ஆச்சரியம் பாதி தீர்ந்துவிடும். தகப்பனார் தோல் வியாபாரி; தாயாரோ புத்தகங்களிலும் படங்களிலும் தீராத பிரியம் உள்ளவர்; கிரிம் சகோதரர் சேகரித்த கதைகளையும் பழைய ஆங்கில நாட்டுக் கதைகளையும் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டியவர்; லண்டனிலிருந்து வந்த சித்திரப் பத்திரிகைகளைச் சிறுவன் மணிக்கணக்கில் புரட்டிக்கொண்டிருக்க இடங்கொடுத்தவர். பள்ளிப் படிப்பில் பைல் சோபிக்கவில்லை. பாடநோட்டுகளின் ஓரத்தில் படம் போட்டுக்கொண்டிருந்த பையனைக் கலாசாலைக்கு அனுப்புவதில் பிரயோஜனமில்லை என்று கண்ட பெற்றோர், அருகிலிருந்த பிலடெல்பியாவில், ஆன்ட்வெர்ப்பில் பயின்ற வான் டெர் வீலன் என்ற ஆசிரியரிடம் சுமார் மூன்று வருஷ காலம் சித்திரம் பயில அனுப்பினார்கள். முறையான பயிற்சி என்று அவர் பெற்றது ஏறக்குறைய இவ்வளவுதான். பிறகு ஊர் திரும்பித் தகப்பனாருக்குத் தோல் வியாபாரத்தில் ஒத்தாசையாக இருந்தார்.

1876-ஆம் வருஷம் வர்ஜீனியாவின் கடற்கரையை ஒட்டிய சிங்கொட்டீக் என்னும் தீவுக்குச் சென்ற பைல், அங்கே கட்டுக்கடங்காமல் திரிந்த மட்டக் குதிரைகளையும் அவற்றைப் பிடித்துவரும் வேடிக்கையையும் பார்த்து ஒரு கட்டுரை எழுதிப் படமும் போட்டு ஸ்கிரிப்னர்ஸ் மாதப் பத்திரிகைக்கு அனுப்ப, அவர்கள் அதை ஏற்றுக்கொண்டதோடு நியூயார்க்குக்கு வந்துவிடுமாறு ஊக்கமும் அளித்தார்கள். நியூயார்க்கில் ஆரம்ப வாழ்க்கை சுலபமாக இல்லை. அந்நாளில் பத்திரிகைக் காரியாலயங்களில் ஒரு வழக்கம் இருந்தது: புதியவன் ஒருவன் நல்ல யோசனையோடு ஒரு மாதிரிப் படத்தைக் கொண்டுவந்தால், யோசனைக்கு மட்டும் அவனுக்குச் சன்மானம் கொடுத்துவிட்டு, அச்சுக்குப் போகும் படத்தை அனுபவமுள்ள வேறொருவரிடம் எழுதச் சொல்லிவிடுவார்கள். தம் மனத்தில் கண்டதைப் பிறர் கை எழுதுவதைப் பைல் சில காலம் பொறுத்துக்கொண்டார். 1878-இல், கடலோரக் காவல் நிலையத்தில் சீட்டாடிக்கொண்டிருப்பவர்களிடம் ஒருவன் புயலோடு உள்ளே ஓடிவந்து கப்பல் உடைந்த செய்தியைச் சொல்லும் காட்சி ஒன்றைக் கற்பித்து, இதை நானே முடித்துத்தர அனுமதிக்கவேண்டும் என்று ஹார்ப்பர்ஸ் வாரப் பத்திரிகையின் சித்திர ஆசிரியரிடம் மன்றாடிப் பெற்று, வாரக்கணக்கில் உழைத்து முடித்தார். பத்திரிகை அதை இரு பக்கம் விரிந்த பெரும்படமாகவே வெளியிட்டது. அந்தப் படத்தில் உடைந்த கப்பல் எங்குமே தென்படுவதில்லை. செய்தி கேட்ட முகங்கள்தாம் இருக்கின்றன. பிற்காலத்தில் மாணவர்களுக்கு அவர் வற்புறுத்திச் சொன்ன ஒரு பெரிய தத்துவத்தின் வித்து இருபத்தைந்து வயதில் எழுதிய அந்தப் படத்திலேயே கிடந்தது என்பதை இங்கே குறித்துவைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

நியூயார்க்கில் பெயர் நிலைபெற்றதும், அந்நகரிலேயே தங்கிப் பிரபலங்களோடு பழகிக்கொண்டிருக்கப் பிரியப்படாமல், பைல் வில்மிங்டனுக்கே திரும்பிவிட்டார். 1881-இல் ஆன் பூல் என்னும் பாடகியை மணந்துகொண்டார். 1883-இல் ராபின் ஹூடின் கதையை அவரே எழுதி, அவரே படங்களும் போட்டு, பக்கத்தின் ஓரச் சித்திரவேலை முதல் தலைப்பெழுத்துவரை அவரே அமைத்து வெளியிட்ட நூல், அமெரிக்காவில் அதுவரை குழந்தைகளுக்காக வெளிவந்த புத்தகங்களின் தரத்தையே மாற்றி அமைத்தது. பதினைந்தாம் பதினாறாம் நூற்றாண்டுகளில் ஜெர்மனியில் வாழ்ந்த டியூரர் முதலிய மேதைகளின் மரச்செதுக்குப் படங்களை ஆழ்ந்து கற்று, அவர்களுடைய உறுதியான கோடுகளைத் தம்முடையதாக்கிக்கொண்டு எழுதப்பட்டவை அந்தப் படங்கள். இன்னொரு விசேஷத்தையும் சொல்லவேண்டும். ஷெர்வுட் வனத்தின் ஓக் மரங்களையும், சத்திரங்களின் தாழ்ந்த கூரைகளையும், ஆங்கிலேயப் பாணர்களையும் பாதிரிமார்களையும் அத்தனை நிச்சயத்தோடு எழுதிய அந்த மனிதர் அப்போது இங்கிலாந்தைக் கண்ணால் கண்டதில்லை. ஐரோப்பாக் கண்டத்தில் அவர் முதன்முதலாகக் கால்வைத்தது 1910-இல், தம்முடைய ஐம்பத்தேழாவது வயதில்தான். புத்தகங்களும் பழைய செதுக்குப் படங்களும், அவர் சேகரித்து வைத்திருந்த பழங்கால உடைகளும் கொடுத்த ஆதாரத்தின்மேல் மனம் கட்டி எழுப்பிய தேசம் அது. ஹாலந்தில் வறுமையோடு போராடிக்கொண்டிருந்த வான் கோ, ஹார்ப்பர்ஸ் பத்திரிகையில் பைலின் படங்களைக் கண்டு வியந்து தம் சகோதரருக்குக் கடிதம் எழுதினார் என்பதையும், அப்போது அந்த இருவருமே முப்பது வயதை ஒட்டிய இளைஞர்கள் என்பதையும் நினைத்துப் பார்க்கும்போது, பத்திரிகைப் படம் என்றால் படித்துக் கசக்கி எறிகிற காகிதம் என்று நினைப்பவர்களைப் பார்த்து நான் வருத்தப்படுகிறேன்.

ராபின் ஹூடுக்குப் பின் வரிசையாக வந்த நூல்களில், 1888-இல் வெளியான 'அற்புதக் கடிகாரம்' என்று நாம் சொல்லக்கூடிய நூல் எனக்கு மிகவும் பிரியமானது. ஒரு நாளின் இருபத்துநான்கு மணி நேரத்துக்கு மணிக்கு ஒன்றாக இருபத்துநான்கு கதைகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அந்த மணி நேரத்தில் வீட்டில் என்ன நடக்கும் என்பதைப் பாடும் சிறு பாட்டு. பாட்டுக்களை இயற்றியவர் அவருடைய சகோதரி காதரின் பைல். அதே வருஷம் வெளிவந்த 'வெள்ளிக் கையன் ஆட்டோ' என்னும் நூலோ, மத்தியகால ஜெர்மனியில் கொள்ளைக்காரப் பிரபுக்களின் பகைக்கு நடுவே அகப்பட்டு ஒரு கையை இழந்த சிறுவனின் கதை. குழந்தைகளுக்கு எழுதுகிறோம் என்பதற்காகக் கொடுமையை மறைக்கவேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. பின்னர் 1903 முதல் 1910 வரையில் ஆர்தர் மன்னனின் கதையை நான்கு பெரிய சம்புடங்களாக எழுதிச் சித்திரங்களோடு முடித்தார்.

ஆனால் அவருடைய கற்பனை எங்கேயிருந்து ஊற்றெடுத்தது என்பதை அறியவேண்டுமானால், இவற்றைவிட விற்பனையிலும் பிரசித்தியிலும் குறைந்த ஒரு நூலைத்தான் நாம் எடுத்துப் பார்க்கவேண்டும். 1889-ஆம் வருஷத் தொடக்கத்தில், ஹார்ப்பர்ஸ் பத்திரிகைக்கான வேலையாக மனைவியோடு ஜமைக்காத் தீவுக்குச் சென்றிருந்தபோது, ஊரில் உறவினர் பராமரிப்பில் விட்டுச்சென்ற அவருடைய ஆறு வயது மூத்த மகன் செல்லர்ஸ் திடீரென்று நோயுற்று இறந்துபோனான். தந்தியும் கப்பலும் அன்றைய நிலையில் இருந்தபடியால், குழந்தையின் கடைசி நாட்களில் அருகே இருக்கும் பாக்கியம்கூடப் பெற்றோருக்கு வாய்க்கவில்லை. அந்தத் துக்கத்தைப் பற்றிப் பைல் பத்திரிகைகளில் புலம்பவில்லை. ஆறு வருஷம் கழித்து, 1895-இல், சந்திரனுக்குப் பின்னாலுள்ள தோட்டத்தைப் பற்றிய ஒரு கதையை வெளியிட்டார்: கடலின்மேல் நிலவொளி விழுந்து பாதையாக மின்னும்போது, ஊரார் பேதை என்று இகழும் ஒரு சிறுவன் அந்த ஒளிப்பாதையில் கால்வைத்து நடந்து சந்திரனை அடைகிறான். மரணத்தை அந்தக் கதை பயங்கரமாகவும் காட்டவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை; அதற்கு ஒரு தேவதூதனின் முகத்தைக் கொடுத்திருக்கிறது. நூலை அவர் இறந்த குழந்தைக்கே சமர்ப்பணம் செய்தார். தேவதைக் கதையும் அதற்குரிய சித்திரமும் வாழ்க்கையின் கஷ்டங்களிலிருந்து தப்பி ஓடுகிறவர்களின் புகலிடம் என்று சிலர் எழுதுகிறார்கள். அவர்கள் இந்த ஒரு நூலைப் படித்துவிட்டு மறுபடியும் அதையே எழுதுவார்களானால், அவர்களோடு விவாதிக்க எனக்கு விருப்பமில்லை.

கடற்கொள்ளைக்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும், ஏனெனில் பைலின் பெயரை ஒருபோதும் கேட்டிராத கோடிக்கணக்கான மக்களும் இந்த வகையில் அவருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள். தலையில் வண்ணத் துணியை இறுகக் கட்டி, இடுப்பில் அகன்ற பட்டுக் கச்சை சுற்றி, காதில் வளையமும் கச்சையில் கைத்துப்பாக்கியுமாக நிற்கும் அந்த உருவம் சரித்திர ஏடுகளிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டதன்று. உண்மையான கொள்ளைக்காரர்கள் அக்காலத்து மாலுமிகளைப்போலவே சாதாரணமாக உடுத்தியிருப்பார்கள். ஸ்பானிய கிராமவாசிகளின் உடைச் சாயலையும் தம் சொந்த யூகத்தையும் கலந்து பைல் அமைத்த அந்தக் கோலத்தைப் பின்வந்த சித்திரக்காரர்கள் பின்பற்ற, அவர்களைப் பின்பற்றி ஹாலிவுட் சினிமாக்களின் ஆடை அமைப்பாளர்கள் தைக்க, இன்று உலகத்தில் எந்தக் குழந்தையைக் கொள்ளைக்காரன் படம் போடச் சொன்னாலும் வில்மிங்டன்காரர் ஒருவரின் மனத்தில் உதித்த உருவத்தையே போடுகிறது.

இவ்வளவு புகழும் வருமானமும் உள்ள ஒருவர், நாற்பது வயதைக் கடந்த பிறகு, வாத்தியார் வேலையைத் தேடிப் போகவேண்டிய அவசியம் என்ன? அக்காலத்து அமெரிக்கக் கலாசாலைகளில் பயிற்சி நடந்த விதம் அவருக்கு நெடுநாளாக அதிருப்தியை அளித்துவந்தது. கிரேக்கச் சிலைகளின் சுண்ணாம்பு வார்ப்புகளை வருஷக்கணக்கில் பார்த்து வரைந்து, பிறகு நின்று கொடுக்கும் மனிதர்களைப் பார்த்து வரைந்து, வசதியிருந்தால் பாரிஸுக்கும் சென்று அதையே இன்னும் திறமையாகச் செய்யக் கற்றுக்கொண்டு திரும்பும் இளைஞன், ஒரு கதையைக் கொடுத்துப் படம் போடு என்றால் திகைத்து நிற்பதை அவர் கண்டார். கண்முன் இருப்பதை வரையத் தெரிந்த அவனுக்கு இல்லாததைக் காணத் தெரியவில்லை. அதை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. 1894-இல் பிலடெல்பியாவின் டிரெக்ஸல் கலாசாலையில் புத்தகச் சித்திரத்துக்கென்று ஒரு வகுப்பை அவர் ஆரம்பித்தபோது, அமெரிக்காவில் அத்தகைய வகுப்புக்கு முன்மாதிரி ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம்.

அவர் கற்பித்த முறையை மாணவர்களின் குறிப்புகளிலிருந்தும் நினைவுகளிலிருந்தும் நாம் நன்றாகவே அறியமுடிகிறது. மாணவன் ஒவ்வொருவனும் தானே யோசித்த ஒரு காட்சியைக் கரியால் எழுதிக் கொண்டுவரவேண்டும். எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, பைல் ஒவ்வொன்றின் முன்னும் நின்று பேசுவார். கை சரியாக விழுந்திருக்கிறதா, கால் நீளமா என்ற விசாரணையெல்லாம் பிற்பாடுதான். இந்த மனிதன் எங்கேயிருந்து வருகிறான், இந்த அறை குளிராக இருக்கிறதா, இவன் கையிலுள்ள கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது, இவனுக்குப் பின்னாலுள்ள கதவு எங்கே போகிறது என்று கேட்பார். பதில் தெரியாத மாணவன் படத்தின் வெளியே நின்றுகொண்டு எழுதியிருக்கிறான் என்பது உடனே அம்பலமாகிவிடும். காற்றை எழுதுகிறவன் அந்தக் காற்று தன் முகத்தில் அடிப்பதை உணரவேண்டும். வீழ்ந்தவனை எழுதுகிறவன் அந்த வலியைத் தன் உடம்பில் அனுபவிக்கவேண்டும். சித்திரக்காரன் தன் சித்திரத்துக்குள் நுழைந்து, அங்கே வாழ்ந்துவிட்டு வந்து எழுதவேண்டும் என்பதே அவருடைய உபதேசத்தின் சாரம். நம்முடைய சிற்ப மரபு இதை அறியாததன்று. விக்கிரகம் செய்யும் ஸ்தபதி, தியான சுலோகத்தை மனத்தில் நிறுத்தி, தெய்வத்தின் உருவத்தை உள்ளே கண்டபிறகே உளியைத் தொடவேண்டும் என்று நம் சாஸ்திரங்கள் விதித்திருக்கின்றன. அதனால்தான் பைலின் பாடம் அந்நிய தேசத்துப் பாடமாக எனக்குத் தோன்றவில்லை.

வெட்டுக்குத்தின் உச்சக்கட்டத்தை எழுதாதே, அதற்கு முந்திய கணத்தையோ பிந்திய கணத்தையோ எழுது என்பது அவர் அடிக்கடி சொன்ன இன்னொரு பாடம். வாள் பாயும் கணத்தை எழுதிவிட்டால் பார்க்கிறவனுக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. பாயப்போகிற கணத்தை எழுதினால் மீதியை அவன் மனமே எழுதிக்கொள்ளும். 1909-இல் அவர் எழுதிய தைலவர்ணப் படம் ஒன்றில், கூட்டாளிகளால் தனித்தீவில் விட்டுச்செல்லப்பட்ட ஒரு கொள்ளைக்காரன், கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்த மஞ்சள் மணலில் முழங்கால்களை அணைத்துத் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறான். அவ்வளவுதான் படம். சண்டையில்லை, கப்பலில்லை, முகங்கூடத் தெரிவதில்லை. ஆயினும் அவன் செய்த பாவங்கள் அத்தனையும் அவனுக்கு நேரவிருக்கும் முடிவும் அந்தக் கூனிய முதுகில் எழுதப்பட்டிருக்கின்றன. அவருடைய படங்களிலெல்லாம் தலைசிறந்தது எது என்று கேட்டால், நான் தயங்காமல் இதையே சொல்வேன்.

1898, 1899 ஆகிய இரண்டு வருஷங்களின் கோடையில், உபகாரச் சம்பளம் பெற்ற சிறந்த மாணவர்களைப் பைல் பிராண்டிவைன் நதிக்கரையிலுள்ள சாட்ஸ் ஃபோர்ட் என்னும் கிராமத்துக்கு அழைத்துச் சென்று, பழைய மாவு மில் ஒன்றைச் சித்திரசாலையாக்கிக் கற்பித்தார். 1777-இல் வாஷிங்டனின் சேனை ஆங்கிலேயரிடம் தோல்வியுற்ற போர்க்களம் அது. பகலெல்லாம் வெயிலிலும் மர நிழலிலும் நின்று எழுதுவார்கள். ஆசிரியரும் அவர்களோடு எழுதுவார். மாலையில் நதிக்கரையில் உலாவிப் பேசுவார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகு, சிரத்தையுள்ளவர்களும் பொழுதுபோக்குக்கு வந்தவர்களும் கலந்து நிறைந்த பெரிய வகுப்புகளில் குரலைச் செலவழிக்க அவருக்கு மனம் வரவில்லை. 1900-இல் டிரெக்ஸலை விட்டு விலகி, வில்மிங்டனில் தம் சித்திரசாலையை ஒட்டியே மாணவர்களுக்கும் அறைகள் கட்டுவித்து, சொந்தமாக ஒரு பள்ளியைத் தொடங்கினார். சேர விரும்பி நூற்றுக்கணக்கானோர் எழுதினார்கள். மிகச் சிலரையே அவர் தேர்ந்தெடுத்தார். தேர்ந்தெடுத்தவர்களிடம் போதனைக்காக ஒரு காசுகூட வாங்கவில்லை. அறை வாடகையையும், வர்ணம் முதலிய செலவுகளையும் மட்டும் அவர்கள் ஏற்றுக்கொண்டால் போதும். நம் குருகுலங்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். ஆனால் மணிக்கூலியாகத் தம் நேரத்தை விற்றிருந்தால் பெருஞ்செல்வம் சேர்த்திருக்கக்கூடிய ஒருவர், ஏழு குழந்தைகளுக்குத் தகப்பனார், வாரந்தோறும் எத்தனையோ மணி நேரத்தை இப்படிக் கொடுத்தார் என்பதை அவர்களும் சற்று நின்று யோசிக்கவேண்டும்.

அந்தக் கொடையின் பலன் என்ன? 1902-இல் மாசசூசெட்ஸ் ராஜ்யத்தின் நீடம் என்னும் ஊரிலிருந்து இருபது வயது இளைஞர் ஒருவர் வில்மிங்டனில் வந்து இறங்கினார், என். சி. வையத் என்னும் அவர் சில மாதங்களுக்குள், 1903 பிப்ரவரியில், சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் பத்திரிகையின் மேலட்டைப் படத்தை எழுதிவிட்டார். 1911-இல் ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு'க்கு அவர் போட்ட படங்கள் இன்றும் அச்சாகிக்கொண்டிருக்கின்றன. ஆசிரியர் கோடைகாலப் பள்ளி நடத்திய சாட்ஸ் ஃபோர்ட்டிலேயே அவர் குடியேற, அவர் மகன் ஆன்ட்ரூவும் பேரன் ஜேமியும் அமெரிக்காவின் பெரிய ஓவியர்களானார்கள். பாதிரியாராகும் எண்ணத்தை விட்டுவிட்டுப் பைலிடம் வந்த பிராங்க் ஸ்கூனோவர், 1917-இல் எட்கர் ரைஸ் பரோஸ் எழுதிய செவ்வாய்க் கிரக நாவல் புத்தகமாக வந்தபோது அதற்குப் படம் எழுதினார். வேற்றுக் கிரகத்து வீரர்களையும் விசித்திர ஜந்துக்களையும் எழுதும் இன்றைய கலைக்கு அந்தப் படங்கள் மூதாதைகள். தெற்கு டகோட்டாவில் ஏர் உழுதுகொண்டிருந்த ஹார்வி டன், இரண்டு வருஷம் பைலிடம் இருந்துவிட்டுப் பிறகு தாமே ஆசிரியராகி, குருவின் வார்த்தைகளை அடுத்த தலைமுறைக்கு ஓதினார். மாக்ஸ்ஃபீல்ட் பாரிஷும் டிரெக்ஸலில் சில காலம் அவர் வகுப்பில் உட்கார்ந்தவரே. இவர்களில் ஒருவரைப்போல் ஒருவர் எழுதவில்லை என்பதை நான் முக்கியமாகக் கவனிக்கிறேன். பாரிஷின் நீலவானத்துக்கும் வையத்தின் முரட்டு உடல்களுக்கும் என்ன உறவு? தம் நடையைக் கொடுத்த ஆசிரியரிடமிருந்து நகல்கள்தாம் பிறக்கும். காணும் வித்தையைக் கொடுத்தவரிடமிருந்துதான் இப்படிப் பலவகையான சித்திரக்காரர்கள் பிறப்பார்கள்.

பெண்களின் விஷயத்தில் அவருடைய அபிப்பிராயம் அவருடைய செய்கையைவிடத் தாழ்ந்திருந்தது. கல்யாணமானதும் பெண்ணின் கலை முடிந்துவிடுகிறது என்று அவர் நினைத்தார், வில்மிங்டன் பள்ளியில் ஆண்களுக்கே முதலிடம் கொடுத்தார். அது அவருடைய குறைதான். இருந்தும் டிரெக்ஸலில் அவரிடம் பயின்றவர்களில் கணிசமானவர்கள் பெண்கள். ஜெஸ்ஸி வில்காக்ஸ் ஸ்மித், வயலட் ஓக்லி என்ற இரண்டு மாணவியருக்கு அவர்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே, 1897-இல் வெளிவந்த லாங்ஃபெலோவின் 'எவாஞ்சலின்' பதிப்புக்குப் படம் எழுதும் வாய்ப்பைத் தேடிக்கொடுத்தவர் அவரே. ஸ்மித் குழந்தைகளின் சித்திரக்காரராக அமெரிக்கக் குடும்பங்களிலெல்லாம் புகுந்தார்; ஓக்லிக்கு 1902-இல் பென்சில்வேனியா ராஜ்ய சட்டசபைக் கட்டடத்தில் சுவர்ச்சித்திரம் எழுதும் பணி கிடைத்தது; அவ்வளவு பெரிய பொதுக் கட்டடச் சித்திரப் பணியை ஓர் அமெரிக்கப் பெண்ணுக்கு ஒப்படைத்தது அதுவே முதல் தடவை. ஆசிரியரின் சந்தேகத்தை மாணவியர் தங்கள் வாழ்க்கையாலேயே பொய்யாக்கினார்கள்.

கடைசி வருஷங்கள் அவருக்கு நிம்மதியாக இல்லை. 1906-இல் மக்ளூர்ஸ் பத்திரிகையின் சித்திர ஆசிரியராக ஏற்ற உத்தியோகத்தைச் சில மாதங்களிலேயே விட்டுவிட நேர்ந்தது. தம் கலை பழகிய பாட்டையிலேயே செல்கிறதோ என்ற ஐயம் தோன்றி, மினசோட்டாவிலும் நியூ ஜெர்சியிலும் அரசாங்கக் கட்டடங்களுக்குச் சரித்திரச் சித்திரங்கள் எழுதினார்; பெருஞ்சுவரில் எழுதும் வித்தையை இன்னும் நன்றாகக் கற்கவேண்டும் என்ற ஆசையோடு, 1910-இல் குடும்பத்துடன் இத்தாலிக்குப் பிரயாணமானார். பழைய ஐரோப்பிய மேதைகளைப் பற்றி முன்பெல்லாம் அவ்வளவாக ஈடுபாடு காட்டாத அவர், அவர்களுடைய படங்களை நேரில் பார்த்ததும் தம் கருத்தை மாற்றிக்கொண்டு, ஊரிலிருந்த சிஷ்யர்களுக்கு அதைக் கடிதங்களில் எழுதினார். ஐம்பத்தேழு வயதில் மறுபடியும் மாணவராகும் மனம் எல்லோருக்கும் அமைவதில்லை. ஆனால் உடல் இடங்கொடுக்கவில்லை; சிறுநீரக நோயால் 1911 நவம்பர் 9-ஆம் தேதி பிளாரன்ஸ் நகரில் காலமானார். மறு வருஷமே வில்மிங்டன் மக்கள் ஒன்றுகூடி, அவருடைய சித்திரங்கள் சிதறிப்போகாமல் வாங்கிக் காப்பதற்கென்றே ஒரு சங்கம் ஸ்தாபித்தார்கள். அதுவே இன்று டெலவேர் கலைக் காட்சிசாலையாக வளர்ந்து நிற்கிறது. பத்திரிகைக்குப் படம் போட்ட ஒருவருக்காக ஒரு சிறு நகரம் செய்த காரியம் இது.

கதைக்குப் படம் எழுதுவது கலையில் இரண்டாந்தரம், அதிலும் குழந்தைக் கதைக்கு எழுதுவது மூன்றாந்தரம் என்று வகுத்துவைத்திருப்பவர்கள் எந்தத் தராசில் நிறுத்து அப்படிச் சொல்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவேயில்லை. ஒரு மனிதன் தன் ஆயுளில் முதன்முதலாகக் கூர்ந்து பார்க்கும் சித்திரம் கதைப்புத்தகச் சித்திரந்தான். காட்சிசாலைக்குப் போகாதவர்கள் கோடிக்கணக்கில் உண்டு, கதைப்படம் பார்க்காமல் வளர்ந்தவர்கள் அவ்வளவு பேர் இல்லை. அப்படியிருக்க, எந்தச் சித்திரம் மனத்தில் முதலில் பதிகிறதோ அதைப் பற்றி நாம் மிகக் குறைந்த கவலை கொள்வது நியாயமா? நம்முடைய குழந்தைப் புத்தகங்களில் எத்தனையில் சித்திரக்காரரின் பெயர் மேலட்டையில் இருக்கிறது என்று வாசகர்களே எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். சித்திரக் கலாசாலைகளை நடத்துகிறவர்களும், வாரத்தில் ஒரு மாலையாவது, மாதிரியும் வார்ப்பும் இல்லாமல், மாணவன் தானே கண்டதை எழுதிக் கொண்டுவரச் சொல்லி, அதை உட்கார்ந்து பேசும் வழக்கத்தை மேற்கொள்ளவேண்டும். அதற்குக் கட்டடமோ நிதியோ தேவையில்லை, ஆசிரியரின் சிரத்தை ஒன்றே வேண்டும்.

பதிப்பாளர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பைல் இறந்து நூறு வருஷங்களுக்கு மேலாகிவிட்டபடியால், அவருடைய நூல்களுக்கும் சித்திரங்களுக்கும் பதிப்புரிமை காலாவதியாகிவிட்டது; யாரும் யாரிடமும் அனுமதி பெறாமல் அவற்றை வெளியிடலாம். அற்புதக் கடிகாரத்தின் இருபத்துநான்கு கதைகளையும், அவர் எழுதிய படங்கள் ஒன்றுகூடக் குறையாமல், நல்ல தாளில், நல்ல தமிழில் யாரேனும் கொண்டுவாருங்கள். வாங்கிக் குழந்தைகள் கையில் கொடுப்பதற்குப் பெற்றோர் இருக்கிறார்கள்.